நாலாயிரத்தில் இருபத்தைந்து

“கேட்டா அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. கேட்ட மாதிரி இருக்கேன்னு எல்லாம் அமுக்காதீங்க,” என்று மைக்கில் சொன்னாள், கிளினிக்கில் காது சோதிக்கிறவள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கே கட்டிய தடித்த சுவர்ப் பெட்டிக்குள், ஹெட்போன் மாட்டியிருந்த தொழிலாளி தலையை ஆட்டினார். ஆட்டியதோடு நிற்காமல் பட்டனையும் அமுக்கினார். அவள் இன்னும் ஒலியே அனுப்பவில்லை. மேசையில் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது.

“இப்ப எதுக்கு அமுக்கினீங்க?”

“நீங்க பேசினது கேட்டுது.”

“என் பேச்சுக்கு இல்லை. சன்னமா கீன்னு ஒரு சத்தம் வரும். அதுக்கு.”

“சரிம்மா!” அவர் போட்ட சத்தத்தில் மேசை ஸ்பீக்கர் கரகரத்தது. வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த அவருடைய கூட்டாளிகள் சிரித்தார்கள். “ரேடியோவை உள்ள வச்சுப் பூட்டினாலும் வெளிய பாடுதுடா,” என்றான் ஒருவன். தகடு அடிக்கும் தொழிற்சாலையில் அவருக்கு ரேடியோ என்றுதான் பெயர். தணிந்து பேசத் தெரியாது. தணிந்து பேசினால் அவருக்கே கேட்காது என்பதை அங்கே யாரும் யோசித்ததில்லை.

தெருவில் பிரேக்கர் மறுபடி ஆரம்பித்தது. சாலையை உடைத்துக் குழாய் போடுகிறார்கள், ஏழு மாதமாக. ஒரு முறை போட்டு மூடியதை, யாரோ எதையோ மறந்துவிட்டார்கள் என்று திரும்ப உடைத்தார்கள். மூன்றாவது மாடியின் ஜன்னல், மேசை, மேசைமேல் இருந்த தேநீர் எல்லாம் நடுங்கின. அவள் மெஷின்மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள். பிரேக்கர் பிடிப்பவன் நாற்பது எண்ணும்வரை உடைப்பான். பிறகு காலை மாற்றி வைக்கப் பன்னிரண்டு எண்ணும் நேரம் நிறுத்துவான். அந்தப் பன்னிரண்டுக்குள் மூன்று ஒலிகளை அனுப்பிவிட வேண்டும். முகம் தெரியாத ஒருவனுடைய கால்வலியை நம்பிக் காது சோதனை நடந்துகொண்டிருந்தது.

நிறுத்தினான். தட்டினாள். ஆயிரம் ஹெர்ட்ஸ் என்கிற ஒலிக்கு ரேடியோ உடனே அமுக்கினார். இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் யோசித்து அமுக்கினார். நாலாயிரத்துக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாயிரம் என்பது ஊசிமுனை போன்ற ஒலி. இரும்பு இரும்பின்மேல் விழும் இடத்தில் வருடக்கணக்காக நிற்பவர்களுக்குக் காதில் முதல் ஓட்டை அங்கேதான் விழும். அவள் சத்தத்தின் அளவை டெசிபல் கணக்கில் ஐந்தைந்தாக ஏற்றினாள். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. ஏற ஏறக் காது மோசம் என்று அர்த்தம். நாற்பதைத் தாண்டினால் அந்த ஆளைத் தகட்டு இயந்திரத்தின் பக்கம் நிறுத்தக் கூடாது, ஸ்டோருக்கு மாற்ற வேண்டும் என்பது தொழிற்சாலைக்கு இருந்த விதி. அறுபதில் பச்சை விளக்கு எரிந்தது.

அவருக்கு முன்னால் வந்த பத்துப் பேரில் ஏழு பேர் ஏற்கெனவே நாற்பதைத் தாண்டியிருந்தார்கள்.

ரேடியோ வெளியே வந்து, ஹெட்போன் அமுக்கிய காதுகளைத் தேய்த்தார். “அக்கா, எப்படி இருக்கு? எனக்குள்ள விசில் அடிச்சிக்கிட்டே இருக்கு. வேலை விட்டு வீட்டுக்குப் போனாலும் நிக்கறதில்லை. ஸ்டோருக்கு எழுதிக் குடுத்தீங்கன்னா—”

“நான் யாருக்கும் எழுதிக் குடுக்கறதில்லை. மெஷின் சொல்றதைத்தான் எழுதுவேன். அடுத்த ஆள்.”

அவள் மேசைமேல் இருந்த போன் துடித்தது. எட்டடி தள்ளிக் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்த மேனேஜர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். அவர் எழுந்து வருவதில்லை. எழுதுவதும் இல்லை. ஒரு நாளைக்கு அறுபது எழுபது குரல் செய்திகள் அனுப்புவார். ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை போட்டால்தான் புரியும். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேராகவே போய் நின்றாள்.

“எட்டு பேரா? போன வருஷம் மொத்தத்துக்கே ரெண்டு பேர்தான் மேடம். இப்படியே போனா அந்தக் கம்பெனி என் கழுத்துல துண்டைப் போட்டு இழுக்கும்.”

“மெஷின் இறங்கிப் போச்சு சார். நாலாயிரத்துல இருபத்தஞ்சு கம்மியாத்தான் வெளிய வருது. அதான் எல்லாருக்கும் ஏத்தி வைக்க வேண்டியிருக்கு. மூணு மாசமா நோட்டுல எழுதிட்டு வர்றேன். சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிடுங்கன்னு நாலு தடவை சொல்லியாச்சு.”

“புதன்கிழமை வர்றாரு. இருபத்தஞ்சுதான்னு நிச்சயமாத் தெரியுமா?”

“என் காதை வச்சுச் சொல்றேன்.”

மேனேஜர் முகம் தெளிந்தது. “அப்பறம் என்ன? எல்லாருக்கும் இருபத்தஞ்சைக் கழிச்சிடுங்க. சரியான நம்பர் வந்துடும்.”

அவள் யோசித்துப் பார்த்தாள். தவறு தெரியவில்லை. எடை போடும் தட்டில் எப்போதும் ஒரு கல் கிடந்தால் அந்தக் கல்லைக் கழித்துத்தானே எழுத வேண்டும். திரும்பி வந்து ரேடியோவின் தாளில் அறுபதை அடித்து முப்பத்தைந்து என்று எழுதினாள். மாலைக்குள் முப்பத்தெட்டுத் தாளிலும் கழித்தாயிற்று. முப்பத்தெட்டும் தேறின. டாக்டர் ஐந்து மணிக்கு வந்தார். தாளின் அடிப்பகுதியை மட்டுமே பார்க்கிறவர். அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

*

காதை வைத்துச் சொல்வதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. பயிற்சிக் காலத்தில் இருபது பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, ஆசிரியர் ஒலியைக் குறைத்துக்கொண்டே போவார். ஒவ்வொருவராகக் கையை இறக்குவார்கள். கடைசிவரை அவள் கை மட்டும் தூக்கியபடி நிற்கும். ஏமாற்றுகிறாள் என்று ஆசிரியர் ஒலியே அனுப்பாமல் சோதித்தார். அப்போது இறக்கினாள். அன்று முதல் அவள் நாய்க்காது. வகுப்புத் தோழிகள் வைத்தது. பட்டம் வாங்கிய இடத்தில் கிடைத்த இன்னொரு பட்டம் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. காலை எட்டேகாலுக்கு, தெருவில் பிரேக்கர் எழுமுன், வந்து பெட்டிக்குள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி, ஒவ்வொரு ஒலியையும் தானே கேட்டுப் பார்ப்பாள். தினமும் இப்படி ஒருவர் கேட்டு, மெஷின் சரியாக இருக்கிறதா என்று நோட்டில் எழுத வேண்டும். மற்ற கிளைகளில் மாதக் கடைசியில் முப்பது நாளுக்கும் சேர்த்து ‘சரி’ என்று எழுதிவிடுவார்கள். அவள் ஒருநாள்கூடக் கேட்காமல் எழுதியதில்லை. அதனால்தான் மெஷின் இறங்கியதைக் கண்டுபிடித்தாள். முதலில் ஐந்து. பிறகு பத்து. போன மாதம் இருபது. இப்போது இருபத்தைந்து. வலது ஹெட்போனை இடது காதுக்கு மாற்றிப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே மாதிரி. மெஷினேதான் என்று முடிவு கட்டினாள்.

டோக்கன் கொடுக்கும் பெண்ணை ஒருநாள் உள்ளே உட்கார வைத்துப் பார்த்ததும் உண்டு. அவள் மிகச் சன்னமான ஒலிக்கே அமுக்கினாள்.

“எனக்கு நல்லாத்தான் கேக்குதுக்கா.”

“உனக்கு மெஷினைப் போடாமலே கேக்கும். போய் டோக்கனைக் குடு.”

டோக்கன் பெண் எப்போதும் எதையாவது அமுக்கிக்கொண்டிருக்கிறவள். போன், கால்குலேட்டர், பேனாவின் தலை. அவள் காதை நம்பி ஒரு மெஷினுக்குத் தீர்ப்பு எழுத முடியுமா?

எதையும் நம்பாமல் இருக்க நாய்க்காதுக்குப் பழகிவிட்டிருந்தது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவன் போனில் யாரோ யாரையோ அடிக்கும் வீடியோவை ஊருக்கே கேட்கும்படி வைப்பான். எதிர்க்கட்டிடத்தில் ஓடு வெட்டுவார்கள். குடியிருப்பின் குழுவில் தண்ணீர் மோட்டார் யார் போட்டது என்று காலை ஆறு மணிக்கே சண்டை தொடங்கி, ஒவ்வொரு வசைக்கும் ஒரு டிங். கிளினிக்கின் குழு, கிளைகளின் குழு, மகளுடைய கல்லூரிப் பெற்றோர் குழு. அவளுக்கு முதுகுப் பக்கம், பால்கனியில், ஜெனரேட்டர். கேட்கும் வேலையில் இருக்கிற ஒருத்தியை இந்த உலகம் எப்படி நடத்துகிறது என்பதை அவள் நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எல்லோரையும் வெறுத்தாள். பாரபட்சம் கிடையாது.

ஒன்றிரண்டு விஷயங்கள் மட்டும் சமீபத்தில் மேம்பட்டிருந்தன. பக்கத்துக் கிடங்கில் லாரிகள் பின்னால் வரும்போது போடுகிற கீக்கீ நின்றுவிட்டிருந்தது. யாரோ புகார் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் துணி துவைக்கும் மெஷின் முடிந்ததும் அடிக்கிற மணியும் அடங்கிப்போயிருந்தது. பழுதாகிறபோதுதான் சில சாமான்களுக்குப் புத்தி வருகிறது என்று நினைத்தாள்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரேடியோ வந்தார். எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு, சாப்பாட்டு இடைவெளியில் ஓடி வந்திருந்தார்.

“அக்கா, எனக்கு இன்னொரு தடவை பாருங்க.”

“நேத்துதானே பாத்தேன்?”

“பேப்பர்ல முப்பத்தஞ்சுன்னு வந்திருக்காம். சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் படிக்கறாரு. காது ஜம்முன்னு இருக்கு, இனிமே விசில் விசில்னு சொல்லிக்கிட்டு வந்தே, வீட்டுக்கு அனுப்பிடுவேங்கறாரு. நான் நடிக்கறேன்னு பேராயிடுச்சு. என் பொண்டாட்டி கதவைத் தட்டினா எனக்குக் கேக்கறதில்லைக்கா. பின்னாடி தள்ளுவண்டி வந்தது தெரியாம போன வாரம் கால் போகப் பாத்துது.”

“கத்தாதீங்க.”

“நான் எங்கக்கா கத்தினேன்?”

காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையில் பன்னிரண்டாம் டோக்கனை வைத்திருந்த அம்மாள், “எங்க நேரத்தையும் சேத்து இவரே எடுத்துக்குவாரு போல,” என்றாள். போன் மேசையில் நகர்ந்து நகர்ந்து துடித்தது. தெருவில் பிரேக்கர்.

“மெஷின் இறங்கியிருக்கு. அதைக் கழிச்சுத்தான் போட்டிருக்கு. உங்களுக்கு மட்டும் இல்லை, முப்பத்தெட்டு பேருக்கும். பேப்பர் பொய் சொல்லாது.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“அது எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். ஸ்டோருக்குப் போகணும்னு காது கேக்காத மாதிரி நடிச்சவங்களை மட்டும் நூறு பேரைப் பாத்திருப்பேன்.”

ரேடியோ அவளையே பார்த்தார். அவர் அவள் கண்களைப் பார்க்கவில்லை, உதடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு அவர் படியிறங்கிப் போன பிறகு உறைத்தது. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

*

புதன்கிழமை சர்வீஸ்காரர் வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். பெட்டியைத் திறந்து அளக்கும் கருவியை எடுத்து, ஹெட்போனை அதன்மேல் கவிழ்த்து, ஒவ்வோர் ஒலியாகப் போட்டு எண்களைப் பார்த்தார். இதற்குக் காது தேவையில்லை. கருவி தானே அளக்கும்.

“நாலாயிரத்தைப் பாருங்க,” என்றாள் அவள். “இருபத்தஞ்சு இறங்கியிருக்கும்.”

அவர் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். ஹெட்போனை மாற்றிப் பார்த்தார்.

“இல்லையே மேடம். நூல் பிடிச்ச மாதிரி இருக்கு.”

“உங்க கருவியைச் சரி பாத்தீங்களா?”

“போன வாரம்தான் சீல் வச்சு வந்துது.” அவர் நோட்டைப் புரட்டினார். ஐந்து, பத்து, இருபது, இருபத்தைந்து. அவள் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. அவர் கருவியின் வயரைச் சுற்றினார். பிறகு, ஏதோ திருகாணியைப் பற்றிப் பேசுவது போல, “தினம் நீங்கதான் கேட்டுப் பாப்பீங்களா?” என்றார்.

“நான்தான்.”

“ஒரு நிமிஷம் உள்ள உக்காருங்களேன். நான் தட்டறேன்.”

அவள் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தாள். கதவு மூடியது. எத்தனையோ ஆயிரம் பேர் வேர்வையில் பிடித்த பட்டனைக் கையில் எடுத்தாள். ஆயிரம் கேட்டது. இரண்டாயிரம் கேட்டது. பிறகு ஒன்றும் வரவில்லை. தெருவில் நிறுத்தட்டும் என்று காத்திருக்கிறார் போலும் என்று நினைத்தாள். கண்ணாடி வழியே பார்த்தாள். அவர் விரல் தட்டிக்கொண்டிருந்தது. தட்டியது, ஏற்றியது, தட்டியது. வெகுநேரம் கழித்து எங்கோ ஒரு நூல் இழை போல ஒலி வந்தது. அமுக்கினாள்.

வெளியே வந்தபோது அவர் தாளைத் திருப்பி வைத்திருந்தார். அவளே எடுத்துப் பார்த்தாள். பழைய நாய்க்காதுக்குப் பத்து. இப்போது முப்பத்தைந்து. இரண்டு காதிலும். மற்றவர்களுக்கு வரைந்து பழகிய அதே பள்ளம்.

“வயசும் இருக்கும். இங்க உக்காந்திருக்கறதும் இருக்கும்,” என்றார் சர்வீஸ்காரர், ஜன்னலைக் காட்டி. “எனக்கே நாலாயிரத்துல நாப்பத்தஞ்சு மேடம். நான் கருவியைத்தான் நம்பறேன்.”

அவள் முப்பத்தெட்டுத் தாள்களைப் பற்றி நினைத்தாள். கழித்தது கல்லை இல்லை. அவளுடைய காதில் விழுந்த ஓட்டையை எடுத்து முப்பத்தெட்டுப் பேரிடமிருந்து கழித்திருந்தாள். அறுபது அறுபதுதான்.

*

மேனேஜர் சர்வீஸ் ரசீதைப் படித்தார். “மெஷின் நல்லா இருக்கா? நல்லதாப் போச்சு. ஃபைல்ல போட்டுடுங்க.”

“தகட்டுக் கம்பெனி பேப்பர் எல்லாம் தப்பு சார். பத்தொம்பது பேர் நாப்பதைத் தாண்டறாங்க. திருத்தி அனுப்பணும்.”

“என்னன்னு சொல்லி அனுப்புவீங்க?”

“நடந்ததைச் சொல்லி.”

அவர் தடுப்புக் கதவைச் சாத்திவிட்டு, வழக்கத்துக்கு மாறாக எழுந்து நின்று பேசினார். “மேடம், நிதானமா யோசிங்க. மெஷின் கோளாறுன்னு சொல்ல முடியாது, ரசீது இருக்கு. அப்ப உங்க காது கோளாறுன்னு சொல்லணும். காது கேக்காத ஆளை வச்சா காது டெஸ்ட் பண்றீங்கன்னு கேப்பான். மொத்தக் கிளையும் சிரிப்பா சிரிச்சுப் போயிடும். உங்களை அந்த நாற்காலியில நான் எப்படி உக்கார வைக்கறது?”

“சொல்லலைன்னா?”

“சொல்லலைன்னா என்ன, நீங்க எப்பவும் போல உக்காருங்க. காலையில அந்தப் பொண்ணு கேட்டு எழுதட்டும். கம்பெனிக்காரன் சந்தோஷமா வாங்கிட்டுப் போயிட்டான். யாரு கேட்டா?”

“ஒருத்தர் வந்து கேட்டாரு.”

“அவரு கத்தினாரு. கேக்கலை,” என்றார் மேனேஜர்.

அவள் வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் ஒன்பது டோக்கன் மீதியிருந்தது. நாற்காலியின் வலது கை உடைந்து, பிளாஸ்டர் ஒட்டி, அவள் முழங்கை பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. வேறெந்த நாற்காலியிலும் அவளுக்கு உட்காரத் தெரியாது. ஒன்பது பேரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டில் கணவன் சாப்பாட்டு மேசையில் இரண்டு போன்களை வைத்து, இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டு, பதினோரு டெலிவரி வேன்களை மேய்த்துக்கொண்டிருந்தான். “லெஃப்ட்ல திரும்புடா, லெஃப்ட்ல. உனக்கு லெஃப்ட் எந்தக் கையின்னு காட்டவா?” மகள் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, வாஷிங் மெஷின் எவ்ளோ நேரமா அடிச்சிட்டிருக்கு. பக்கத்துலதானே நிக்கறே, ஆஃப் பண்ணக் கூடாதா?”

அவள் துணி துவைக்கும் மெஷினைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து காதை அருகில் வைத்துப் பார்த்தாள். இருந்தது. போய்விட்டதாக நினைத்தது எல்லாம் அப்படியே இருந்தது.

இரண்டு போனுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் கணவனிடம் சொன்னாள். பன்னிரண்டு எண்ணுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்கிற வேகத்தில் சொன்னாள்.

“நாய்க்காதுக்கேவா?” என்றான் அவன். பிறகு சிரிக்கக் கூடாது என்று தெரிந்து, “அதான் நாலு நாளா என்கிட்ட சண்டை போடலையா?” என்றான்.

“விளையாடாதீங்க.”

“நீ எழுதிப் போடறேன்னு வை. நாற்காலி போயிடும். வீட்டுலயே உக்காந்து நாள் பூரா என் குரலைக் கேக்கணும். யோசிச்சுக்க.” போன் அடித்தது. “சொல்லுடா. மறுபடி லெஃப்டா?”

அவள் ரேடியோவுக்காக இரக்கப்பட்டாள் என்று சொல்ல முடியாது. அவர் குரல் இப்போது நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஏழு மாதம் அவளுடைய ஜன்னலடியில் உடைத்தவர்கள், ஓடு வெட்டியவர்கள், முதுகுக்குப் பின்னால் ஜெனரேட்டரை வைத்தவர்கள், எட்டடியிலிருந்து குரல் அனுப்பியவர் எல்லோரும் சேர்ந்து அவள் காதை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட ஒப்புக்கொள்ளப் போவதில்லை. எடுத்ததை மறைத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே உட்கார்ந்திரு என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொள்வதற்கு மட்டும் அவளுக்குக் காது நன்றாக இருக்க வேண்டுமாம். தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டுப் படுத்தாள்.

*

வியாழக்கிழமை ஏழு மணிக்கே கிளினிக்கைத் திறந்தாள். முப்பத்தெட்டுத் தாள்களின் நகலையும் எடுத்து, கழித்த எண்ணை அடித்து, முதலில் வந்த எண்ணை மேலே எழுதி, ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பம் போட்டாள். பத்தொன்பது பேருக்குச் சிவப்பு மையில் ‘இயந்திரப் பகுதிக்குத் தகுதியில்லை’ என்று எழுதினாள். எல்லாவற்றுக்கும் மேலே தன்னுடைய தாளை வைத்தாள். முப்பத்தைந்து. கீழே ஒரே பத்தியில் எழுதினாள்: சோதித்தவருடைய காது குறைந்திருந்தது. மெஷின் குறைந்துவிட்டது என்று அவர் நினைத்தார். மெஷின் சரியாக இருந்தது. டோக்கன் பெண் சொன்னதையும் அவர் நம்பவில்லை.

கடைசி வரி தேவையில்லைதான். இருக்கட்டும் என்று விட்டாள்.

ஸ்கேன் செய்து தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பினாள். நகல் டாக்டருக்கு. இன்னொரு நகல் தலைமை அலுவலகத்துக்கு. எட்டேகாலுக்கு டோக்கன் பெண் வந்தபோது அவளைப் பெட்டிக்குள் உட்கார வைத்து நோட்டைக் கையில் கொடுத்தாள்.

“நான் தட்டறேன். கேக்கறதை மட்டும் எழுது.”

“எதுக்குக்கா? நீங்கதானே எழுதுவீங்க?”

“உனக்குத்தான் நல்லாக் கேக்குது.”

“அன்னிக்கு நான் சொன்னப்ப திட்டினீங்க?”

“இன்னிக்கும் திட்டுவேன். எழுது.”

ஒன்பதரைக்கு மேனேஜர் வந்தார். ஒன்பது முப்பத்தேழுக்குக் குரல் செய்தி வந்தது. அவள் கேட்கவில்லை. இன்னொன்று வந்தது. மூன்றாவது வந்தது. பிறகு அவரே எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் நின்றார்.

“தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே. என் தலையிலயும் சேத்து!”

“சத்தமாப் பேசுங்க சார். எனக்குக் காது கேக்காது.”

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் சிரித்தவரைத் தேடினார். கிடைக்கவில்லை. “எழுந்திருங்க முதல்ல அந்த நாற்காலியை விட்டு,” என்றார். தெருவில் பிரேக்கர் எழுந்தது. அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவள் அவசரப்படாமல் எழுந்தாள். கைப்பையில் கண்ணாடிக் கூடு, குடிநீர்ப் புட்டி, பேனா மூன்றையும் போட்டுக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை பக்கத்துக் கிளையிலிருந்து ஒருவரை அனுப்பி அவள் இடத்தில் உட்கார வைத்தார்கள். முப்பது வயது இருக்கும். அவர் காலையில் பெட்டிக்குள் போகாமலே நோட்டில் ‘சரி’ என்று எழுதினார். விசாரணை முடியும்வரை அவளை முன்பக்க கவுண்டரில் போட்டார்கள். லிஃப்ட் கதவு, படிக்கட்டு, குழந்தைகள் பிரிவு மூன்றும் திறக்கிற இடம் அது. டோக்கன் பெண் பக்கத்து ஸ்டூலில் இருந்து வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். பதினோரு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து பேசினார்கள். திருத்திய தாள்கள் வந்து சேர்ந்தனவாம். ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருப்பதால் இரண்டையும் ஏற்கவில்லையாம். முப்பத்தெட்டுப் பேருக்கும் வேறு கிளினிக்கில் அடுத்த மாதம் சோதனையாம். அதுவரை யார் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே நிற்பார்களாம். ரேடியோவின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அவர் ஷிஃப்டில் இருக்கிறார் என்றார்கள். எந்த இடத்தில் என்று கேட்டாள். மறுமுனையில் சொன்னது சரியாக விழவில்லை. திரும்பக் கேட்டாள். தகட்டு இயந்திரத்தில் என்றார்கள். மாலை ஆறு மணிவரை எழுபத்தொரு டோக்கன். அந்த இரைச்சலில் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.